மாப்பிள்ளையோடு அங்கோர் போனது

ஜனவரி 16, வியாழன்

நாளை கிளம்புகிறோம். பெட்டி கட்டியாயிற்று. சர்க்கரை மாத்திரை, முழங்கால் உறை, தைலம், வேட்டி. அங்கே படி ஏறும் இடங்களில் வேட்டி சரிப்படாது, பேண்ட் போடுங்கள் என்று மாப்பிள்ளை சொன்னார். ஓய்வு பெற்ற பிறகு பேண்ட் போட்டதில்லை. கால்நடை ஆய்வாளராக இருந்தபோது தைத்த காக்கிப் பேண்ட் அலமாரியில் கிடந்தது. போட்டுப் பார்த்தால் இடுப்பில் நிற்க மாட்டேன் என்கிறது. பெல்ட்டில் புதிதாக ஓர் ஓட்டை போட்டேன்.

போயே ஆக வேண்டும் என்ற ஆசை எனக்கு இல்லை. இது என் மகள் வாணி போட்ட திட்டம். கம்போடியாவில் இருக்கும் அங்கோர் கோயில் மேல் அவளுக்குக் கல்லூரி நாளிலிருந்தே ஒரு பைத்தியம். அவள், மாப்பிள்ளை திருமூர்த்தி, நான் என்று மூன்று பேருக்கும் சேர்த்து டூர்காரர்களிடம் பதிந்து வைத்தாள். அப்புறம் ஆஸ்பத்திரி. அவளைப் பார்த்துக்கொள்ளத்தான் தாராபுரத்திலிருந்து இந்தக் கோயம்புத்தூர் வீட்டுக்கு வந்தேன். அவள் போய் இது இரண்டாவது பொங்கல். நான் இன்னும் இங்கேயே இருக்கிறேன். டூர்காரர்கள் பெரிய மனது பண்ணி அந்தப் பதிவை அப்படியே வைத்திருந்தார்கள். போய் வந்துவிட்டால் அந்தக் காரியமும் முடியும். மூன்றாவது இடத்தை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள் என்று மாப்பிள்ளை சொன்னார்.

சாயங்காலம் அவர் என் கட்டில் ஓரமாக வந்து உட்கார்ந்தார். “மாமா, போறதுக்கு முன்னால உங்ககிட்ட ஒரு விசயம் சொல்லோணுங்க.”

மேல் தொட்டி நிரம்பி வழியும் என்று சொல்லிவிட்டு மோட்டாரை அணைக்க எழுந்து போனேன். மோட்டார் போடவே இல்லை என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. திரும்பி வந்தபோது அவர் தன் அறைக்குப் போயிருந்தார்.

தாராபுரம் வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும். குடியிருப்பவர் சித்திரையில் காலி செய்கிறார். பூட்டிப் போட்டால் வீடு கெட்டுவிடும்.

ஜனவரி 18, சனி

சிங்கப்பூர் வழியாக வந்து சேர்ந்தோம். சியம் ரீப் என்பது ஊர் பெயர். விமான நிலையத்திலிருந்து ஊருக்கு வேனில் வெகு தூரம். இரண்டு பக்கமும் அறுத்த வயல். அதில் வெள்ளை மாடுகள் மேய்கின்றன. காலும் கழுத்தும் நீளம், உடம்பில் சதை இல்லை. காங்கேயம் காளையைப் பார்த்த கண்ணுக்கு இவை கன்றுக்குட்டிகள் மாதிரி. ஆனால் நடையில் நோய் ஒன்றும் தெரியவில்லை.

விமானத்தில் நான் ஜன்னல் ஓரம், மாப்பிள்ளை நடுவில். மூன்றாவது இருக்கையில் ஒரு பெண். எங்கள் குழுவில் வந்திருப்பவள்தான். தாரணி என்று பெயர். நாற்பதுக்குள் இருக்கும். தனியாக வந்திருக்கிறாளாம். உடுமலைப் பக்கம் சொந்த ஊர், கோயம்புத்தூரில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் வேலை. எனக்கு சீட் பெல்ட் மாட்ட வரவில்லை. மாப்பிள்ளையைத் தாண்டிக் கை நீட்டி மாட்டிவிட்டாள். மாப்பிள்ளை அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளிடம் மரியாதைக்காவது ஊர் எது என்று கேட்கலாம். வாணி போன பிறகு மனுசருக்கு இதெல்லாம் மறந்துவிட்டது.

கூட வந்திருக்கும் சமையல்காரர் இரவு ரசம் வைத்தார். காலெல்லாம் வீங்கியிருக்கிறது.

ஜனவரி 19, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை எழுதாமல் விடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் படுத்தால் தூக்கம் வராது.

விடியும் முன்பே கிளப்பிவிட்டார்கள். அங்கோர் கோயில் மேற்கே பார்த்தது. அதன் முன்னால் இருக்கும் குளத்தின் கரையில் நின்றால் கோபுரங்களுக்குப் பின்னால் சூரியன் எழுவது தெரியுமாம். உலகமே அங்கே வந்து நின்றிருந்தது. ஆளாளுக்குக் கையில் போன். வானம் மேகம் போட்டுக்கொண்டது. சூரியன் எழுந்ததாகவே தெரியவில்லை. கருப்பு வெளுப்பாக மாறிற்று, அவ்வளவுதான். வெள்ளைக்காரர்கள் சிலர் அதற்கும் கைதட்டினார்கள்.

தாரணி பிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தாள். “குடிங்கய்யா, சர்க்கரை போடலீங்க” என்றாள். எனக்குச் சர்க்கரை ஆகாது என்று யாரும் அவளிடம் சொன்னதாக நினைவில்லை. என் வயதைப் பார்த்து ஊகித்திருப்பாள்.

எங்கள் வழிகாட்டி சொக்கா என்பவன், இந்த ஊர்க்காரன். ஆங்கிலத்தை நிறுத்தி நிதானமாகப் பேசுவான், எனக்கும் புரிகிறது. உள்ளே சுவர் நீளத்துக்கும் சிற்பம். தெற்குப் பக்கத்துச் சுவரில் எமன் எருமை மேல் இருக்கிறான். எத்தனையோ கை அவனுக்கு. அவன் முன்னால் செத்தவர்களைத் தரம் பிரிக்கிறார்கள். மேலே போகிறவர்கள் பல்லக்கில் போகிறார்கள். கீழே போகிறவர்களின் மூக்கில் துளை போட்டுக் கயிறு கோத்து மாட்டைப் போல இழுத்துக்கொண்டு போகிறார்கள். மூக்கணாங்கயிறு இழுபடும்போது மாடு தலையை எப்படி முன்னால் நீட்டுமோ அப்படியே மனிதத் தலையை நீட்டி வைத்திருக்கிறான் அந்தச் சிற்பி. பார்க்கப் பொறுக்கவில்லை. ஆனால் அங்கேயே நின்றுவிட்டேன். வாணியைக் கடைசியாக ஸ்கேனுக்குக் கொண்டு போனபோது மூக்கில் குழாய் இருந்தது.

மாப்பிள்ளை பக்கத்தில் வந்து நின்றார். “மாமா, ஒரு விசயமுங்க.”

“அந்த எருமைக் கொம்பப் பாருங்க மாப்ள, நம்மூர்ல இந்த மாதிரி வளைவே கெடையாது” என்று சொல்லிவிட்டு சொக்காவின் பின்னால் போய்விட்டேன்.

நடுக்கோபுரத்துக்கு ஏறும் படி செங்குத்து. கீழே வரிசை நின்றது. என் முழங்கால் அதற்கு ஒத்துழைக்காது. மாப்பிள்ளையைப் போகச் சொன்னேன். “நானும் ஏறலீங்க, தலை சுத்தும்” என்று சொல்லித் தாரணி என்னோடு தங்கிவிட்டாள். நிழலில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தோம்.

அவள் அப்பா ஆறுச்சாமி மாடு வைத்திருக்கிறாராம். பால் மாடு நான்கு, வண்டிக்கு இல்லாமல் ஆசைக்கு ஒரு காளை. சினை பிடிக்காத மாட்டுக்கு என்ன கொடுப்பது, மடிநோய் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று கேட்டாள். கேள்வி எல்லாம் சரியான கேள்வி. நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாய்க்காலில் விழுந்த சினை மாட்டை ஊரே சேர்ந்து தூக்கிய கதையைச் சொன்னேன். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். நெடுநாள் கழித்து இன்றைக்குத்தான் இவ்வளவு பேசினேன்.

“உனக்குக் கல்யாணம், அம்மணி?” என்று கேட்டேன்.

“ஆச்சுங்க. ரெண்டு வருசம் இருந்தேன். அப்பறம் கோர்ட்டுல தீர்த்துக்கிட்டோமுங்க. அவருக்கு வேறொருத்தங்க மேலதான் மனசு. அந்த வீட்டுல நான் சும்மா இருந்துட்டு வந்தேனுங்க.” அதை அவள் வருத்தமாகச் சொல்லவில்லை. முடிந்துபோன பரீட்சையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள். பிறகு, “இவ்வளவு மாட்டுக்கு வைத்தியம் பாத்தவரு வீட்டுல பொறந்துட்டு உங்க பொண்ணு மாட்டக் கண்டா ஓடுவாங்களாமே” என்று சிரித்தாள்.

வாணிக்கு மாடென்றால் பயம்தான். தெருவில் மாடு வந்தால் என் சைக்கிளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். பேச்சுவாக்கில் நான்தான் சொல்லியிருப்பேன் போலிருக்கிறது.

மாப்பிள்ளை இறங்கி வந்தார். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். என்ன மேலே இருந்தது என்று கேட்டேன். “புத்தர் இருந்தாருங்க” என்றார்.

அப்புறம் வெயில் ஏறிவிட்டது. எந்தப் பக்கம் திரும்பினாலும் கல்முகம் சிரிக்கும் கோயில் ஒன்று, பாயோன் என்றான் சொக்கா. நான் சிரிக்கும் நிலையில் இல்லை. மதியத்துக்குப் புளிசாதப் பொட்டலம். பிறகு கோயில் கூரை மேல் மரம் வளர்ந்து வேர் சுவரைக் கவ்விக்கொண்டிருக்கும் ஒன்று. அந்த வேரின் முன்னால் படம் எடுத்துக்கொள்ள வரிசை நின்றது. நான் எடுத்துக்கொள்ளவில்லை. எந்தக் கல்லைப் பார்த்தாலும் உட்காரத் தோதாக இருக்கிறதா என்றுதான் பார்த்தேன். வாணி இருந்திருந்தால் ஒவ்வொரு சுவருக்கும் நின்று விளக்கம் கேட்டு, சொக்காவின் உயிரை எடுத்து, எங்களைக் கடைசி வேனில் ஏற வைத்திருப்பாள்.

அதற்குப் பிறகு ஊருக்குள் ஒரு புத்த விகாரை. மற்றவை போலப் பாழடைந்து கிடக்கவில்லை. ஆட்கள் வந்து கும்பிட்டுப் போகும் இடம். காவித் துணி கட்டிய வயசாளிப் பிக்கு ஒருவர் மேடையில் உட்கார்ந்திருந்தார். குடும்பம் குடும்பமாக அவர் முன் உட்கார்ந்தால் மந்திரம் சொல்லித் தண்ணீர் தெளித்து, கையில் சிவப்புக் கயிறு கட்டுவார். எங்கள் முறை வந்தபோது சொக்கா என்னையும் மாப்பிள்ளையையும் பாயில் உட்கார வைத்தான். பின்னால் நின்ற தாரணியையும் கையைக் காட்டி அழைத்து என் பக்கத்தில் உட்காரச் சொன்னான். பிக்கு ஏதோ கேட்டார். சொக்கா என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டான்: “மகளும் மருமகனும்தானே?”

அவன் மேல் குற்றமில்லை. காலையிலிருந்து மூன்று பேரையும் ஒன்றாகப் பார்த்திருக்கிறான்.

“மை டாட்டர் எக்ஸ்பயர்டு” என்றேன்.

சொக்கா இரண்டு கையையும் கூப்பிக்கொண்டான். பிக்குவிடம் என்ன சொன்னானோ, அவர் கண்ணை மூடி மந்திரத்தைத் தொடங்கிவிட்டார். நீளமான மந்திரம். தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறோம். முழங்கால் மடித்திருப்பதால் நினைத்தாலும் என்னால் சட்டென்று எழுந்திருக்க முடியாது. அப்போதுதான் மாப்பிள்ளை குனிந்த தலையோடு, என் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

“மாமா, தாரணியத்தான் நான் கல்யாணம் பண்ணிக்கலாமுன்னு இருக்கறேனுங்க.”

பிக்கு தண்ணீரை விசிறித் தெளித்தார். முகமெல்லாம் குளிர்ந்த தண்ணீர். மாப்பிள்ளை நிறுத்தவில்லை.

“எத்தனையோ தடவ சொல்ல வந்தேனுங்க. நீங்க காதுலயே வாங்கல. மொதல்ல நீங்க அவளப் பாக்கோணும், யாருன்னு தெரியாமப் பேசிப் பழகோணும்னுதான் இப்படிச் செஞ்சேனுங்க. தப்புத்தானுங்க மாமா.”

மந்திரம் முடிகிற வழியாக இல்லை. தாரணி தரையைப் பார்த்தபடியே இருந்தாள். பிக்கு என் கையை இழுத்துக் கயிறு கட்டினார். வழவழப்பான, எலும்பு தெரியும் கை. என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் பதிலுக்குச் சிரிக்க வேண்டியதாயிற்று.

வெளியே வந்து செருப்பைத் தேடினேன். ஊரில் பெண் பார்க்கப் போனால் முன்கூட்டிச் சொல்லித்தான் கூட்டிப் போவார்கள். என்னைக் கடல் தாண்டிக் கூட்டி வந்து, சொல்லாமல் பெண் பார்க்க வைத்திருக்கிறார்கள். அதுவும் காலையிலிருந்து நான் அவளிடம் எவ்வளவு பேசியிருக்கிறேன். சர்க்கரை இல்லாத காபி, மாட்டுக்குப் பயம், எல்லாம் வரிசையாக வந்து நின்றன. எனக்குத் தெரியாமலா இருந்தது? தெரியாது என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

“வாணி பதிஞ்ச எடத்துலயா கூட்டிட்டு வந்தீங்க?” என்று கேட்டேன். சத்தமாகக் கேட்டுவிட்டேன். குழுவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

தாரணியின் முகம் வெளுத்துவிட்டது. மாப்பிள்ளையைப் பார்த்து, “எனக்கு இது தெரியாதே. எங்கிட்டச் சொல்லவே இல்லீங்களே” என்றாள். போய் வேனில் டிரைவர் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டாள். விடுதிக்குத் திரும்பும் முன் மலை மேல் ஏறி அந்திப்பொழுது பார்க்க மற்றவர்கள் இறங்கினார்கள். நாங்கள் மூன்று பேரும் வேனிலேயே உட்கார்ந்திருந்தோம்.

தயிர்சாதம் சாப்பிட்டேன். மாத்திரை போட்டுக்கொண்டேன்.

ஜனவரி 20, திங்கள்

தலைவலி என்று சொல்லிவிட்டேன். குழு ஏரியில் படகில் சுற்றப் போயிற்று. தாரணியும் போனாள். மாப்பிள்ளை போகவில்லை.

அறையில் இரண்டு கட்டில். ஆளுக்கொன்றில் உட்கார்ந்து எதிரெதிரே பார்த்துக்கொண்டிருந்தோம். கேட்கக் கூடாது என்றுதான் நினைத்திருந்தேன். வாய் கேட்டுவிட்டது.

“வாணி இருக்கறப்பவேவா?”

மாப்பிள்ளைக்குக் கண்ணில் நீர் நிறைந்துவிட்டது. “அத நீங்க கேட்டுட்டீங்களே மாமா” என்றார். அப்புறம் சொன்னார். போன ஆடியில்தான் அவருடைய தொழிற்சாலைக் கணக்குப் பார்க்க அந்த ஆடிட்டர் ஆபீசிலிருந்து தாரணி வந்தாளாம். அதற்கு முன் அவளை யாரென்றே தெரியாதாம். வாணி தலையில் கை வைத்துச் சத்தியம் செய்கிறேன் என்றார். இல்லாதவள் தலையில் எப்படிக் கை வைப்பது என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். கையை மடியில் போட்டுக்கொண்டார். நம்பினேன். அந்த மனுசர் ஆஸ்பத்திரித் தரையில் துண்டை விரித்துப் படுத்துக் கிடந்ததை நான் பார்த்தவன்.

“நம்ம வீட்டுல ரெண்டு பேரும் பேசிக்கறதே இல்லீங்க மாமா. சாப்பாடு ஆச்சா, மாத்திரை போட்டீங்களா, அதோட சரி. வாணி பேர நீங்களும் எடுக்கறதில்ல, நானும் எடுக்கறதில்ல. எடுத்தா நீங்க எழுந்து போயிருவீங்க. அந்தப் பொண்ணுகிட்டத்தான் நான் மொதமொதல்ல வாணியப் பத்திப் பேசுனேனுங்க. அவ கேட்டுட்டு இருந்தா. மாட்டுக்குப் பயந்தது, ரேங்க் கார்டுல உங்க கையெழுத்தப் போட்டது, எல்லாத்தையும் சொல்லியிருக்கறேன்.”

என் கையெழுத்தைப் போட்டதா? அது எனக்கே தெரியாது.

“ஊருக்குப் போனதும் தாராபுரம் போயிடறேன் மாப்ள. சித்திரையில வீடு காலியாகுது. நீங்க நல்லபடியா இருங்க” என்றேன்.

“நான் உங்களப் போகச் சொல்லலீங்களே.”

“நானாத்தான் போறேன்.”

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். கீழே நீச்சல் குளத்தில் யாரோ குழந்தைக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கும் சத்தம் கேட்டது. அவருக்கும் வாணிக்கும் குழந்தை இல்லை. ஒன்று இருந்திருந்தால் எனக்கு அந்த வீட்டில் ஓர் உறவுமுறை இருந்திருக்கும். இப்போது என்ன முறை? இறந்தவளின் அப்பா. அதற்கு ஓர் அறை எத்தனை நாளைக்கு?

ஜனவரி 21, செவ்வாய்

கடைசி நாள். பழைய செங்கல் கோயில் ஒன்றுக்குக் கூட்டிப் போனார்கள். பிரே கோ என்று பெயர். புனித மாடு என்று அர்த்தமாம். இந்த ஊரிலும் கோ என்றால் மாடுதான். கூட்டம் இல்லை. கோயில் முன்னால் நந்திகள் மூன்று, மழையில் கரைந்து முகம் தேய்ந்துபோய்ப் படுத்திருக்கின்றன. திமில் சிறியது. ஆனால் முன்காலை மடித்திருக்கும் விதம் சரி. அசை போடுகிற மாடு அப்படித்தான் படுக்கும். ஒன்றின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

தாரணி வந்தாள். நின்றுகொண்டே பேசினாள்.

“தாராபுரம் போறீங்களாம்.”

“ஆமா அம்மணி. அங்கதானே என்ற வீடு.”

“கோபத்துலயாங்க?”

“கோபமெல்லாம் இல்ல.”

“பின்ன எதுலீங்க?”

நான் நந்தியின் திமிலைத் தடவிக்கொண்டிருந்தேன்.

“அந்த எடம் உங்க பொண்ணு பதிஞ்சதுன்னு சத்தியமா எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா வந்திருக்கவே மாட்டேன். யாருன்னு சொல்லாமப் பழகலாமுன்னு ஒத்துக்கிட்டது என்ற தப்புத்தான். அதுக்கு மன்னிச்சிருங்க.” குரல் தடுமாறாமல்தான் இருந்தது. “ஆனா இதையும் கேட்டுக்கங்க. நான் உள்ள வர்றேன், நீங்க வெளிய போறீங்க. ஊரு பேசும், அது போகட்டும். அவரு தெனமும் என்ற மொகத்தப் பாக்கறப்ப உங்கள நெனப்பாரு. பக்கத்துல இருக்கறவ ஒருத்தி, நெனப்புல இருக்கறவங்க வேறன்னு நான் ஏற்கெனவே ஒரு வீட்டுல இருந்து பாத்துட்டேனுங்க. மறுபடியும் என்னால ஆகாது. நீங்க போறதுன்னா இந்தக் கல்யாணம் வேண்டாம். இன்னைக்கே அவருகிட்டச் சொல்லிடறேன்.”

“என்னைய வெச்சு மெரட்டறியா அம்மணி?”

“இல்லீங்க. எனக்குச் சலிச்சுப்போச்சுங்க.”

அந்த வார்த்தை எனக்குப் புரிந்தது. இந்தப் பயணத்தில் ஒருவர் சொல்லி எனக்கு முழுசாகப் புரிந்த வார்த்தை அதுதான். வெயிலில் அவள் நிற்பது உறைத்தது. உட்காரச் சொன்னேன். நந்தியின் அந்தப் பக்கம் உட்கார்ந்தாள்.

நான் தாராபுரம் போவது பெருந்தன்மை என்றுதான் எண்ணிக்கொண்டிருந்தேன். அங்கே தனியாக உட்கார்ந்து கஞ்சி குடித்தால் இவர்கள் இருவரும் ஒவ்வொரு வேளைச் சோற்றுக்கும் என்னை நினைத்துக் குன்றுவார்கள். அது எனக்கு உள்ளூரத் தெரிந்திருந்தது. இவளும் அதைக் கண்டுகொண்டாள்.

“உங்கப்பாவுக்கு விசயம் தெரியுமா?” என்று கேட்டேன்.

“தெரியாதுங்க. மொதல் கல்யாணம் முறிஞ்சதுலயே அவரு ஒடைஞ்சு போனவருங்க. முறையா மாப்பிள்ளை வீட்டுலருந்து பெரியவங்க வந்து கேட்டாத்தான் காது குடுப்பாரு. இவருக்குத்தான் அப்பா அம்மா இல்லியே. சித்தப்பா ஒருத்தரு இருக்காரு, பேச்சுவார்த்தை இல்லைங்கறாருங்க.”

சொக்கா தூரத்திலிருந்து கையசைத்தான். வேன் கிளம்பப் போகிறது. எழுந்திருக்க முடியவில்லை, கால் மரத்துவிட்டது. அவள் கை கொடுத்தாள். பிடித்துக்கொண்டேன்.

ஜனவரி 22, புதன்

வந்து சேர்ந்தோம். அசதி. துணி துவைக்கப் போட்டேன்.

ஜனவரி 25, சனி

தாராபுரம் குடித்தனக்காரர் போன் செய்தார். சித்திரையில் காலி செய்யவில்லை, பையன் படிப்பு முடியும்வரை இருக்கட்டுமா என்று கேட்டார். இருங்கள் என்றேன். மாப்பிள்ளை அப்போது தட்டில் தோசையோடு உட்கார்ந்திருந்தார். தோசையில் வைத்த கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

“நாளைக்கு ஞாயித்துக்கெழமதானே, உடுமலை போகலாமா மாப்ள? தை முடியறதுக்குள்ள ஒரு வார்த்தை பேசிட்டு வந்தரலாம்” என்றேன்.

அவர் எழுந்து போய்க் கை கழுவினார். கை கழுவ அவ்வளவு நேரம் ஆகாது.

ஜனவரி 26, ஞாயிறு

வெற்றிலை, பாக்கு, பழம், பூ. பூக்காரியிடம் நானே பேரம் பேசி வாங்கினேன். வேட்டி கட்டிக்கொண்டு போனேன்.

உடுமலை தாண்டி வாய்க்கால் ஓரத்தில் வீடு. தாரணி முந்தின நாளே வந்திருந்தாள். யாரோ வருகிறார்கள் என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறாள். ஆறுச்சாமி என் வயதுக்காரர். மீசை வெள்ளை. சிரிக்கவில்லை. நாற்காலி போட்டார். தண்ணீர் வந்தது. மழை இல்லாததைப் பற்றி, தேங்காய் விலையைப் பற்றி, கொஞ்சம் பேசினோம். தட்டை நடுவில் வைத்தேன்.

“உங்க பொண்ணத் திருமூர்த்திக்குக் கேட்டு வந்திருக்கறேனுங்க” என்றேன். சொந்தத் தொழில், கெட்ட பழக்கம் இல்லை, முதல் சம்சாரம் நோயில் போய்விட்டாள், குழந்தை இல்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன். பெண்ணுக்கும் அவருக்கும் பழக்கம் உண்டு, இரண்டு பேருக்கும் சம்மதம் என்பதையும் மறைக்கவில்லை.

ஆறுச்சாமி தட்டைத் தொடவில்லை. மாப்பிள்ளையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“உங்க பேருங்க?”

“நாச்சிமுத்துங்க.”

“நீங்க பையனுக்கு என்ன முறை ஆகோணுங்க?”

இந்தக் கேள்வி வரும் என்று கோயம்புத்தூரிலிருந்து வரும் வழியெல்லாம் தெரியும். பெரியப்பா என்று சொல்லலாம், தெரிந்தவர் என்று சொல்லலாம் என்று யோசித்து வைத்திருந்தேன்.

“மாமனாருங்க” என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. “மாமனாருன்னா?”

“செத்துப்போன மொதல் சம்சாரம் என்ற பொண்ணுங்க. பேரு வாணி.”

ஆறுச்சாமி துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். உள்ளே பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. வாசலில் காளை கழுத்தை உதறிய சத்தம் மட்டும் கேட்டது. மாப்பிள்ளை எழுந்துவிடுவார் போலிருந்தது. அவர் தொடை மேல் கை வைத்து உட்கார வைத்தேன்.

“உங்களுக்கு இது கஷ்டமா இல்லீங்களா?” என்று கேட்டார் ஆறுச்சாமி.

“இருக்குதுங்க.”

“பின்ன எதுக்குங்க வந்தீங்க?”

“அவருக்குப் பெரியவங்கன்னு வேற ஆரும் இல்லீங்க.”

ஆறுச்சாமி மாப்பிள்ளையைக் கையால் காட்டினார். “அப்ப நாளைக்கு நான் இவருக்கு என்ன முறைங்க?” என்று கேட்டார். பரிகாசமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

“நீங்களும் மாமனாருதானுங்க. ரெண்டு பேரு இருக்கப்படாதுன்னு சட்டம் ஒண்ணும் இல்லியே.”

அப்போதுதான் அவர் மீசை கொஞ்சம் அசைந்தது. தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்துக் காம்பைக் கிள்ளினார். உள்ளே திரும்பி, “சம்பந்தி சாப்பிட்டுத்தான் போவாரு, எலையப் போடுங்க” என்று சத்தம் கொடுத்தார்.

வாணி கல்யாணத்தில் பெண் வீட்டுக்காரனாக நான் உட்காரவே இல்லை. பந்திக்குப் பந்தி நின்று பரிமாறினேன். இன்றைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரன், முதல் இலை எனக்கு. பக்கத்தில் மாப்பிள்ளை. தாரணிதான் பரிமாறினாள். பருப்பும் நெய்யும், அரசாணிக்காய் பொரியல், ரசம் எல்லாம் நன்றாக இருந்தது. ஆறுச்சாமி மடிநோய் வந்த மாட்டைப் பற்றிக் கேட்டார், சொன்னேன். பாயசம் வரும் வரைக்கும் என் கண் கலங்கவில்லை. அப்புறம் மாப்பிள்ளை, தன் இலையைப் பார்த்தபடியே, கைக்குட்டையை எடுத்து என் பக்கமாகத் தள்ளி வைத்தார்.